ஜன்னல் வழியே வந்த தும்பிக்கை

பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய கிராமத்தில், ஒரு விவசாயிக்கு என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பலாமரத்தில் பழத்தை யாரும் பார்த்ததில்லை. வாசனைக்கு யானை வந்துவிடும் என்று காயிலேயே பறித்துவிடுவார்கள். அக்காவுக்கோ பலாச்சுளை என்றால் உயிர். அதனால் போன ஜூனில், பெங்களூரில் நான் இருக்கும் காக்ஸ் டவுனிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழத்தைப் பார்த்ததும் அக்கா பதறினாள்.

"யாருடி இதைக் கொண்டாரச் சொன்னது? வா, சீக்கிரம் அறுத்துத் தின்னுடலாம்!"

சமையலறை மேடையில் வைத்து அவசரமாகச் சுளை எடுத்தோம். தட்டு நிறைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. திடீரென ஜன்னல் முழுக்க இருண்டது. கம்பிகளுக்கு நடுவே தும்பிக்கை உள்ளே வந்தது.

என் மணிக்கட்டில் சூடாக மூச்சு பட்டது. தும்பிக்கை என் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்து, விலக்கிவிட்டு, சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. வெளியே சுவர் உயரத்துக்கு நிற்கிற உடம்பு. உள்ளே தட்டுகூட அசையவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

அது போன வழியில், பறிக்க இருந்த தக்காளி எல்லாம் கூழாகிக் கிடந்தது. நான் அழுதேன்.

"செடி போனா நட்டுக்கலாம்மா," என்றார் அக்கா கணவர். "வீட்டுக்குள்ள பழம் இருக்கும்னு தெரிஞ்சுக்கிச்சே, இனி சும்மா இருக்குமா?"

இப்போதெல்லாம் அங்கே வெறுங்கையோடுதான் போகிறேன். பலா சீசனில் அக்காவை இங்கே வரவழைக்கிறேன். மூன்றாவது மாடியில் உட்கார்ந்தும், சுளையை வாயில் போடுமுன் அவள் ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.