வாய்விட்டுச் சொல்லாத ஹாப்பி

லண்டனில் 'ஹாப்பி' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. முடி வெட்டுபவர் பிடரிக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, ஹாப்பியா என்கிறார். சனிக்கிழமையும் வேலைக்கு வரச்சொல்கிற மேலாளர், அதில் எனக்கு ஹாப்பிதானே என்கிறார். சனிக்கிழமை வேலையில் என்ன சந்தோசம் வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் தலையாட்டப் பழகிவிட்டேன். ஊரில், கல்லடியில் இருந்த காலமெல்லாம் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் சந்தோசத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் கண்ணேறுபோல நாவூறு பட்டுவிடும். களுவாஞ்சிக்குடியில் என் மாமனாரின் வயல் வட்டையில் ஒரு போகம் கதிரெல்லாம் கனத்துச் சாய்ந்து நின்றது. வரம்பால் போன ஒருவர் வெள்ளாமை எப்படி என்று கேட்க, "என்னத்த, ஏதோ வயித்துக்குக் காணும்" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். கேட்டவர் போன பிறகுதான் மனுசன் சிரித்தார். அவருடைய மகள்தான் என் மனைவி வசந்தி.

நெடுங்காலம் காத்திருந்து இந்த வருடம்தான் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். வீட்டுக்கு வந்த தாதி பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா ஹாப்பியா என்று கேட்டாள். "ஏதோ இரிக்கன். பிள்ளையும் மெலிவுதான், வடிவுமில்ல" என்றாள் வசந்தி. நான் மடையன், அப்படியே மொழிபெயர்த்தேன். தாதியின் முகம் மாறிவிட்டது. அழுகிறாளா, பிள்ளையைத் தூக்க விருப்பமில்லையா என்று கேள்விமேல் கேள்வி. பிள்ளை பெற்ற சில தாய்மாருக்கு மனம் சோர்ந்துபோகுமாம். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும், அதுவரை பிள்ளையோடு இவளைத் தனியே விடவேண்டாம் என்றாள். நாவூறைப் பற்றி நான் விளக்கியதை மரியாதையாகக் கேட்டாள், நம்பவில்லை. தாயின் வாயால் கேட்க வேண்டுமாம்.

"வசந்தி, சந்தோசமா இரிக்கன் எண்டு சொல்லு. இல்லாட்டி பிள்ளையோட உன்னத் தனிய விடமாட்டாங்க."

"உங்களுக்கென்ன விசரா? பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்லுற?"

பிறகு அவளே பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அவன் காதைக் கையால் பொத்திக்கொண்டு, இங்கிலிசில் சொன்னாள்: "ஹாப்பி. வெரி, வெரி ஹாப்பி." சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் வாயால் அதைக் கேட்டதில்லை. தாதி அவளைக் கட்டிப்பிடித்தாள். அறிவிக்கத் தேவையில்லை, அடுத்த கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் வசந்தி குசினிக்கு ஓடினாள். செத்தல் கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த மிளகாயையும் உப்பையும் பிள்ளையின் தலையைச் சுற்றி எடுத்து, சூடான சட்டியில் போட்டாள். நாவூறு பட்டிருந்தால் அந்தப் புகை தொண்டையைக் கமறாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. முகட்டிலிருந்த புகை மணி அலறத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறி நின்று துவாயால் புகையை விசிறினேன்.

"பாத்தீங்களா, கமறவே இல்ல. பட்ட நாவூறெல்லாம் எரிஞ்சி போயிற்று" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

என் தொண்டை எரிந்தது. மணி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. இருமலை விழுங்கிக்கொண்டு, "ஓம், கமறல்ல" என்றேன்.