சக்கை இல்லாத டீ

என் கணவருக்கு மாமல்லபுரத்தில் சிப்பிக் கடை. எழுபதுகளில் ஒருநாள், ஜப்பான்காரர் ஒருவர் கொடுத்ததாகப் பச்சைத் தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அவர்கள் ஊர் டீயாம். வெந்நீரில் நுரை வர அடித்து அப்படியே குடிக்க வேண்டுமாம். டீ போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலில் கொதிக்கவிட்டு, சர்க்கரை, ஏலக்காய் போட்டு, துணியில் வடிகட்டினேன். துணியில் பச்சைக் கறை தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

மாமியார் குடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. சக்கையே இல்லியே, ரோஜாச் செடிக்கு இன்னா போடுவே?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு டீத்தூள் சக்கையெல்லாம் அந்தச் செடிக்குத்தான்.

மறுநாள் கணவர் அதே டீ கேட்டார். டப்பா காலி. நான் ரோஜாச் செடியைக் காட்டினேன். அடிமண் பச்சையாக இருந்தது.