பதினேழாம் நம்பர் கம்பம்

அதிராவை முதல் நாளே சுலைமானுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மின்கம்பங்களைச் சோதிக்கும் குத்தகை நிறுவனத்தில் அவர் சூப்பர்வைசர், இருபது வருடம் கம்பம் ஏறியவர். அவள் ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள். "ஹெட்போன மாட்டிக்கிட்டு அண்ணாந்து பாக்குறதுக்கு ஒரு சம்பளம்" என்று அவள் காதுபடவே சொல்வார்.

முன்பக்கம் கிண்ணம் பொருத்திய கருவியைக் கம்பத்து உச்சியிலுள்ள பீங்கான் இன்சுலேட்டர்களை நோக்கிப் பிடிப்பதுதான் அவள் வேலை. விரிசல் வழியே மின்சாரம் கசிந்தால், வெறும் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் ஹெட்போனில் கடுகு பொரிவதுபோல் கேட்கும்.

ஜெலுத்தோங் பகுதியில் ஒரு கார் பட்டறை வாசலிலிருந்த பதினேழாம் நம்பர் கம்பத்தில் அப்படிக் கேட்டது. மழை விட்ட காலை நேரம். எழுதிக் கொடுத்தாள். சுலைமான் உச்சிவெயிலில் வந்து கருவியை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

"எங்க கேக்குது?"

"காலையில ஈரமா இருந்துச்சு அண்ணே. காஞ்சா கசிவு நின்னுடும்."

"போன மாசமும் இப்படித்தான் சொன்ன. நாலு மணி நேரம் கரண்ட வெட்டி ஏறிப் பாத்தா ஒண்ணும் இல்ல. ஏச்சு வாங்குனது நான்லா. ரிப்போர்ட்ல இருந்து எடு."

பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவர் குரலை உயர்த்தினார்.

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நானே எடுத்துர்றேன்." எடுத்தும்விட்டார்.

போன மாதத் தவறு அவளுடையதுதான். பக்கத்துக் கம்பத்தில் தளர்ந்திருந்த போல்ட்டின் சத்தத்தை இன்சுலேட்டர் விரிசல் என்று குறித்துவிட்டாள். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் மறுநாள் தூறலில் தனியாகப் போய், மூன்று பக்கமும் நின்று கேட்டு, சத்தத்தைப் பதிவு செய்தாள். அதைச் சுலைமானுக்கு அனுப்பவில்லை. மின்வாரியப் பொறியாளர் நோர்மாவுக்கே நேராக அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மின்வாரிய ஆட்கள் இன்சுலேட்டரைக் கழற்றினார்கள். அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல், சுற்றிலும் கரி. நோர்மா படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சுலைமான் உட்பட எல்லாரும் பார்த்ததற்கு அடையாளமாக நோர்மாவின் போனில் நீலக்குறி விழுந்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் அதிராவுக்கு இருந்தது.

சுலைமான் போட்ட அடுத்த வார வேலைப் பட்டியலில் அவள் பெயர் பைராம் தோட்டத்துக்கு நேரே இருந்தது. தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டிப் போக வேண்டும். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் முழு லைனையும் துணைக்கு ஆளில்லாமல் நடந்தே பார்க்க வேண்டும்.

"என்னைத் தாண்டிப் போகத் தெரிஞ்சவளுக்குத் தனியா நடக்கவும் தெரியும்லா" என்றார் சுலைமான்.

"தெரியும்" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

எட்டு மாதமாகிறது. இருவரும் நேரில் பேசுவதில்லை. தோட்டத்தில் மூன்று கம்பங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டில் இன்சுலேட்டர் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதை மாற்றச் சுலைமான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.