யானையைக் குறுக்கே நிறுத்தியவள்

ஆர்மீனியாவின் யெரவான் நகரில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் சதுரங்கத்தில் தோற்றவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் ஆட்டம் டிரா ஆகிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அதை அலசிப் பார்த்தே ஆகவேண்டும். திரைச்சீலை தைக்கும் என் மனைவி ஷுஷானிக் இதில் படு கறார்.

ஞாயிறன்று மேல்வீட்டு இளைஞன் வாச்சகனோடு அவள் ஆடியது டிராவில் முடிந்தது. அவளுடைய சிப்பாய் ராணியாக ஒரே கட்டம்தான் பாக்கி. அவன் யானையோ விடாமல் செக் வைத்துக்கொண்டே இருந்தது. அதன்பின் சாப்பாட்டு மேசை முழுக்கப் பலகைதான். நான் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மடியில் வைத்துத் தின்றேன்.

ஒருநாள் காலை ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"வாச்சகன், இறங்கி வாடா! அது நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்டா!"

அவன் வந்ததும் தன் யானையை நாலாவது வரிசைக்குக் கொண்டுபோனாள். சிப்பாயின் வழியை அடைத்து நின்ற ராஜாவை வெளியே நடத்தினாள். கடைசி செக்குக்கு அந்த யானையையே குறுக்கே நிறுத்தி மறைத்தாள். அவன் வாயைப் பிளந்தான்.

"எதிராளிக்கு எதுக்குடி சொல்லிக் குடுக்கற?" என்றேன்.

"டிராவுல பாதி அவனோடது. நீ ரொட்டியத் தின்னு."

அடுத்த ஞாயிறு அதே நிலை வந்தது, இந்த முறை சிப்பாய் வாச்சகனுடையது. அவன் யானையைக் குறுக்கே நிறுத்தினான். அவள் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவளோ அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, நான் கண்டுபிடிச்சது சரிதான்!"