சோதனைச்சாவடியில் மறைந்த சிவப்புப் புள்ளி

மாலை ஆறு பத்துக்குக் கணினித் திரையில் என் மகள் காணாமல் போனாள்.

அவளுக்குக் கோவையில் வேலை. நகரத்தையே கணினிக்குள் உருவாக்கி, வண்டிகளைப் புள்ளிகளாக ஓடவிட்டு, எங்கே பாலம் கட்டினால் நெரிசல் குறையும் என்று பார்க்கிற அலுவலகம். கணக்கு முடிய நாள்கணக்கில் ஆகுமாம். வீட்டுக் கணினியிலும் ஓடவிட்டுப் போவாள். ஒருநாள் ஒரு புள்ளிக்கு மட்டும் சிவப்பு பூசி, "இதுதானுங்கம்மா நானு. ஆபீஸ் முடிஞ்சு ஊட்டுக்கு வர்றேன்" என்று காட்டினாள்.

அன்றிலிருந்து அந்தப் புள்ளி வழியிலுள்ள உக்கடம் தாண்டியதும் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். மீதி வழியைப் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் அவளும் எப்படியோ வந்துவிடுவாள்.

அன்று டீயில் ஆடை படர்ந்துவிட்டது. திரைக்கு வந்தேன். சிவப்புப் புள்ளி எங்கள் ஊருக்கு முன்னால் உள்ள மாநில எல்லைச் சோதனைச்சாவடி வரை வந்தது, அழிந்தது. அவள் போன் அணைந்திருந்தது.

தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கணவரிடம் ஓடினேன்.

"ஏனுங்க, புள்ள செக்போஸ்ட்டு வரைக்கும் வந்தாளுங்க. அப்பறம் காணோம்."

"ஆரு பாத்தா?"

"கம்ப்யூட்டர்ல நாந்தானுங்க."

"அதுல செக்போஸ்ட்டுக்காரன் புடிச்சு வெச்சுட்டானாக்கும்" என்றார். ஆனாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து கூப்பிட்டபோது அந்தக் கேலி குரலில் இல்லை. "மாங்கா லாரிதான் நிக்குது. புள்ளையக் காணோம்."

அதற்குள் திரையில் சிவப்புப் புள்ளி மறுபடி அலுவலகத்திலிருந்து கிளம்பியிருந்தது. திரும்பிப் போனாளா? யாரோடு? திரை மூலையில் இருந்த கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட வேகமாக ஓடியது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. புள்ளி அதே இடத்துக்கு வந்து மறுபடி அழிந்தது.

இருட்டும் நேரத்தில் வாசலில் சத்தம். மகள்தான். பஞ்சரான ஸ்கூட்டரை மாந்தோப்புக் குறுக்குவழியாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். போனில் சார்ஜ் இல்லை. அவள் கையைப் பிடித்துத் திரை முன்னால் இழுத்துப் போனேன். புள்ளி மூன்றாம் முறையாக அழிந்தது.

அவள் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது நெசமா நானில்லீங்கம்மா, கணக்கு. கோயமுத்தூரு அந்தச் செக்போஸ்ட்டோட முடியுது. இந்தப் பக்கம் நான் எதையுமே போடலை. நம்ம ஊடே இதுல இல்லீங்கம்மா."