உடுமலையில் ஓர் உழாத காடு

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கோபி பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் உழாமலே சோயா போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. அப்புறம் தூக்கமா வரும்? என்னோடு மில்லில் வேலை பார்த்த செல்வி அக்கா, உடுமலைப் பக்கம் தன் மானாவாரிக் காட்டில் இந்த ஆனியில் அப்படித்தான் விதைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் போன் மேல் போன் போட்டேன். "வா அம்மணி, வந்து பாத்துப்போட்டுப் போ" என்றார்.

கோயமுத்தூர் உக்கடத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ். பொள்ளாச்சி வழியாக எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்பார்கள். பொள்ளாச்சியில் டீ குடிக்கப் போன டிரைவர் லேசில் திரும்பவில்லை. நான் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். உடுமலையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் தண்டம் அழுதேன்.

அக்காவுக்கு இது விளையாட்டில்லை. போன வருடம் உழுத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போய், விதையும் காய்ந்துவிட்டது. அதனால் இந்த முறை அறுத்த மக்காச்சோளத்தின் காய்ந்த தட்டையை அப்படியே மண்ணுக்கு மூடாக்காக விட்டு, அடியில் தங்கும் ஈரத்தை நம்பி விதைக்க ஏற்பாடு. வீட்டுக்காரர் இந்த ஒரு போகத்துக்குத்தான் சம்மதித்திருந்தார். தவறினால் தென்னங்கன்று வைத்துவிடுவாராம்.

நான் போனபோது அக்கா வரப்பில் நின்றிருந்தார். ஒன்றரை ஏக்கரில் பாதி உழுது கிடந்தது. பக்கத்துக் காட்டுப் பழனிச்சாமி அண்ணன் தன் டிராக்டரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூரிலிருந்து விருந்தாளி வரும்போது காடு தட்டையும் குப்பையுமாகக் கிடந்தால் அக்காவுக்கு அவமானமாயிற்றே என்று, கேட்காமலே வந்து உழுதிருக்கிறார். கூலிகூட வேண்டாமாம். அந்த விருந்தாளி நான்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குள் விதைப்புக் கருவியை இழுத்துக்கொண்டு வாடகைக்குப் பேசிய பெரிய டிராக்டர் வந்தது. அதன் பின்சக்கரமே என் தோள் உயரம். பாதி உழுதாகிவிட்டது, மீதியையும் உழுதுவிடலாமே என்றார் வீட்டுக்காரர். அண்ணனும் எஞ்சினைக் கிளப்பினார். அக்கா போய் அவருக்கு முன்னால், தட்டைக்குள் நின்றுகொண்டார்.

"உங்க மேல கோவமில்லீங்கண்ணா. மிச்சத்தைத் தொட்டுப்போடாதீங்க. இனி எனக்கு இருக்கற ஈரம் இவ்வளவுதானுங்க."

அண்ணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பெரிய டிராக்டர் நகர்ந்தது. கருவியின் வட்டத்தகடு தட்டையை வெட்டிக் கோடு கீற, விதை விழ, பின்னால் வந்த சக்கரம் மண்ணை அழுத்தி மூடியது. விரலை விட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. உழுத பாதியிலும் விதைத்தார்கள். அங்கே புழுதி பறந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஆனியில் முதல் மழைக்குப் பின் போங்கள். தலைக்குத் துண்டு அவசியம், காற்று ஆளைத் தள்ளும். முக்கியமாக, நீங்கள் வருவது ஊருக்குத் தெரிய வேண்டாம்.

பத்து நாள்கூடப் பொறுக்காமல் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். உழாத பாதியில் பயிர் வரிசை கட்டி வந்துவிட்டதாம்; தென்னங்கன்றுப் பேச்சை வீட்டுக்காரர் எடுப்பதில்லையாம். உழுத பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அந்தப் பாதிக்குப் பழனிச்சாமி அண்ணன் தன் கிணற்றுத் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறார், கேட்காமலே. இந்த முறை அக்கா தடுக்கவில்லை.