கைய எடுடி

பிப்ரவரி ஒன்பது, மாலை ஐந்து நாற்பது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் பேருந்தில், கம்பெனிச் சீருடையில் என்னருகே அமர்ந்திருந்த பெண், "கேட்டுச் சொல்றீங்களா?" என்று இயர்போனின் ஒரு முனையை நீட்டினாள்; மற்றது அவள் காதில். மறுநாள் வெளியாகவிருந்த அவளுடைய ஆல்பம். சின்தசைசர், பாட்டு எல்லாம் அவள் ஒருத்தியே. தாளத்தின் நடுவே மீண்டும் மீண்டும் வேறொரு குரல் "கைய எடுடி" என்றது. ஒவ்வொரு முறையும் அவள் தன் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"யார் குரல்?"

"எங்கூட தகடு அடிக்கற பிரஸ் மெஷின்ல நின்ன அக்காங்க. பட்டன் அழுத்தறதுக்கு முன்னாடி இப்படித்தான் கத்தும். போன வருசம் தவறிருச்சு. அந்தக் குரலைக் கேக்க முடியல, எடுத்துரும்மான்னு அக்கா வீட்டுக்காரரு அழுவறாரு. எடுத்தா எனக்குப் பாட்டே இல்லீங்க. நீங்க சொல்லுங்க, எடுக்கறதா?"

இறங்கும்போது பாட்டின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை விடுதியில் அந்தப் பாட்டைக் கேட்டேன். குரல் இருந்த இடத்தில் மௌனம் மட்டுமே இருந்தது. அந்த மௌனத்தில், மேசை மேலிருந்த என் கையை இழுத்துக்கொண்டேன்.